எம்.ஆர்.எம். நடக்கிறது, ஆலையில் எதுவும் மாறவில்லை: அறிகுறியைக் கொண்டு கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

சாய ஆலையில் சுத்திகரிப்பு தடுமாறினால் முதல் பழி இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பொறுப்பாளர் தலையில் விழுகிறது. பம்பைக் கழற்றுவார்கள், நீரை வடிகட்டும் மெம்பிரேனைக் கழுவுவார்கள், கழிவுநீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கியின் குழாய்களில் படிந்த உப்பைச் சுரண்டுவார்கள். நிர்வாக மறுஆய்வுக் கூட்டத்தை, ஆலைக்குள் எல்லாரும் சொல்லும் பெயரில் எம்.ஆர்.எம்.மை, கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. திருப்பூர் வட்டாரத்து ஆலைகளில் பல ஆண்டுகளாகச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்து வருகிறேன். பழுதான பம்பின் கதையைப் பின்தொடர்ந்து போனால், பெரும்பாலும் எடுக்கப்படாமல் போன ஒரு முடிவில்தான் அது போய் நிற்கிறது. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் மேசையின் தலைமாட்டில் அமர்பவருக்கு மட்டுமே உண்டு. ஆகவே இந்த வழிமுறை அவருக்காக எழுதப்பட்டது.

முடிவெடுக்கத் தாமதித்தால் என்ன ஆகும் என்று திருப்பூருக்கு வேறு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. 2009-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாததால், சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே முடங்கியது. அத்தனை ஆண்டுகளில் ஒவ்வொரு ஆலையிலும் இந்த ஆபத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பேச்சு எங்கே முடிவாக மாறாமல் நின்றது என்பதைத்தான் கீழே அறிகுறி அறிகுறியாகத் தேடப்போகிறோம்.

தொடங்கும் முன் மூன்றை மேசையில் எடுத்து வையுங்கள்: கடைசி இரண்டு எம்.ஆர்.எம். நடவடிக்கைக் குறிப்புகள், ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையின் முழுப் பக்கங்கள், இ.டி.பி.யின் அன்றாடப் பதிவேடு. உங்கள் ஆலையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: இந்த ஆண்டுக் குறிப்பும் போன ஆண்டுக் குறிப்பும் ஒரே மாதிரி இருக்கின்றன

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேதியையும் எண்களையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். எந்த ஆண்டுக் குறிப்பு எது என்று சொல்ல முடியாவிட்டால், கூட்டம் தணிக்கையாளருக்காக எழுதப்பட்டிருக்கிறது. சான்றிதழ் தணிக்கை எந்த மாதம், கூட்டம் எந்தத் தேதி என்று பாருங்கள். இரண்டு வார இடைவெளிக்குள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்குக் காரணம், ஆண்டுக்கு ஒரு நாள் எல்லாரையும் உட்கார வைத்து எல்லாத் தலைப்பையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற நம்பிக்கை. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14001 அப்படிக் கேட்கவே இல்லை. 2015 பதிப்பின் 9.3-ஆம் பிரிவு, திட்டமிட்ட இடைவெளிகளில் மறுஆய்வு நடக்க வேண்டும் என்கிறது. எல்லாத் தலைப்பையும் ஒரே நேரத்தில் பேச வேண்டியதில்லை, வழக்கமான நிர்வாகக் கூட்டங்களின் பகுதியாகவே அதை நடத்தலாம் என்று அதன் பின்னிணைப்பு விளக்குகிறது. உங்கள் ஆலையில் ஏற்கெனவே மாதாந்திர உற்பத்திக் கூட்டம் இருக்கும். அதில் அரை மணி நேரம் ஒதுக்கி நீர்க் கணக்கு, உப்புக் கணக்கு, இசைவாணை நிபந்தனை ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புகார்களையும் இலக்குகளையும் எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், இந்த மேலாண்மை முறை நம் ஆலைக்கு இன்னும் பொருந்துகிறதா என்ற பெரிய கேள்விக்கு உட்காருங்கள். எழுத்துச் சான்று மட்டும் ஒவ்வொரு முறையும் இருக்கட்டும்.

அறிகுறி: குறிப்பு முழுவதும் "விவாதிக்கப்பட்டது", "அறிவுறுத்தப்பட்டது", "கவனத்தில் கொள்ளப்பட்டது"

நம் அலுவலகத் தமிழின் பழைய நோய் இது. செய்தவர் பெயர் இல்லாத வினைச்சொல்லில் பொறுப்பு கரைந்துபோகிறது. சோதனை எளிது: குறிப்பில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "யார்?" என்று கேளுங்கள். பதில் வராத வாக்கியங்களைச் சிவப்பு மையால் கோடிடுங்கள். நான் பார்த்த குறிப்புகளில் பாதிக்கும் மேல் சிவந்துபோனவை உண்டு.

சீராக்க, குறிப்பு எழுதும் முறையை மாற்றுங்கள். "ஆர்.ஓ. மெம்பிரேன் மாற்றுவது குறித்து விவாதிக்கப்பட்டது" என்பதை அனுமதிக்காதீர்கள். "இரண்டாம் கட்ட ஆர்.ஓ.வின் மெம்பிரேன்களை மாற்றப் பராமரிப்பு மேலாளர் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் விலைப்புள்ளி பெறுவார், தொகைக்கு எம்.டி. ஒப்புதல் தந்தார்" என்று எழுதச் சொல்லுங்கள். மாற்ற வேண்டாம் என்பது முடிவானால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். வேண்டாம் என்பதும் முடிவுதான். முடிவில்லாத நிலைதான் ஆலையைக் கெடுக்கிறது.

குறிப்பின் கடைசியில் தரநிலை மூன்று கேள்விகளுக்கு விடை கேட்கிறது. இந்த மேலாண்மை முறை நம் ஆலைக்குத் தொடர்ந்து பொருந்துகிறதா? பொருத்தம். எல்லாவற்றையும் உள்ளடக்கும் அளவுக்குப் போதுமா? போதுமை. எதிர்பார்த்த விளைவு வருகிறதா? பயன். "பொருத்தமாகவும் போதுமானதாகவும் பயனுள்ளதாகவும் உள்ளது" என்று ஒரே வரியில் மூன்றையும் தட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. தனித்தனியாக எழுதுங்கள். ஈராண்டுக்கு முன் பருத்திக்கு மட்டும் சாயம் போட்ட ஆலை இப்போது பாலியெஸ்டருக்கும் போடுகிறது என்றால் பொருத்தம் மாறிவிட்டது. கொதிகலன் சாம்பலைப் பற்றி எந்த நடைமுறையும் இல்லை என்றால் போதுமை இல்லை. நடைமுறை எல்லாம் இருந்தும் ஒரு கிலோ துணிக்குச் செலவாகும் நீர் குறையவில்லை என்றால் பயன் இல்லை.

அறிகுறி: எம்.டி. பத்து நிமிடம் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்

ஐ.எஸ்.ஓ. 14001-இன் 2004 பதிப்பில் நிர்வாகப் பிரதிநிதி என்ற ஒருவரைக் கட்டாயம் நியமிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிரதிநிதியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிர்வாகம் மறைந்துகொள்ள முடிந்தது. 2015 பதிப்பில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். முறை பயன் தருகிறதா என்பதற்குப் பதில் சொல்லும் கடமை நேராக உச்ச நிர்வாகத்தின் மேல் வந்தது. வேலைகளைப் பகிர்ந்து கொடுக்கலாம். பதில் சொல்லும் பொறுப்பைக் கைமாற்ற முடியாது.

உச்ச நிர்வாகம் என்றால் யார் என்பதில்தான் நம் ஊரில் குழப்பம். தரநிலையின்படி, நிறுவனத்தை மிக உயர்ந்த மட்டத்தில் நடத்தி, கட்டுப்படுத்தும் நபர் அல்லது குழு. குடும்ப நிறுவனங்களில் அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: செக்கில் கையெழுத்திடுபவர் கூட்டத்தில் இருந்தாரா? மகன் எம்.டி. பதவியில் இருப்பார், கூட்டத்துக்கும் வருவார், நன்றாகவும் பேசுவார். பணத்துக்கு அப்பாவைக் கேட்க வேண்டும். அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்தும் ஆலையில் இயந்திரம் வாங்குவது ஒருவர், கணக்கு ஒருவர், இ.டி.பி. யார் பொறுப்பு என்றே பேசி வைத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இளையவர் ஒருவரே அமர்ந்து எடுத்த முடிவு மாலையில் வீட்டுக்குப் போனதும் கரைந்துவிடும்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. பெரியவரைக் கூட்டத்துக்கு அழைத்து வருவது சிறந்தது. வயதின் காரணமாகவோ வேறு காரணத்தாலோ இயலாவிட்டால், சுற்றுச்சூழல் செலவுக்கு இவ்வளவு தொகை வரை வருபவரே முடிவெடுக்கலாம் என்று பெரியவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேற்பட்ட தொகை வந்தால் எத்தனை நாளுக்குள் பதில் சொல்வார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இதைக் கேட்கத் தயங்கிய பல இளையவர்களைச் சந்தித்திருக்கிறேன். கேட்ட பிறகு எந்தப் பெரியவரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. 2011-ஐப் பார்த்த தலைமுறை அவர்கள்.

அறிகுறி: அறிக்கையில் எல்லாம் பச்சை, ஆனால் சாக்கடையில் நிறம் தெரிகிறது

இந்த அறிகுறிக்கு அதிக நேரம் கொடுங்கள். ஆலையையும் ஆற்றையும் ஒருசேரக் காக்கக்கூடிய இடம் இதுதான்.

அறிக்கையில் என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். மரக்கன்று எத்தனை நட்டோம், பயிற்சி எத்தனை மணி நேரம், காகிதம் எவ்வளவு மிச்சம் என்பன முதல் பக்கத்தில் இருந்தால், தவறான எண்கள் மேலே வந்திருக்கின்றன. சாய ஆலையின் உயிர்நாடி நீரும் உப்பும்தான். இரண்டையும் கணக்குப் போட ஒரு நிறுவனத் தலைவருக்கு வேதியியல் தேவையில்லை. வரவு செலவு தெரிந்தால் போதும்.

நீர்க் கணக்கு இப்படி. வெளியிலிருந்து வாங்கிய நீர், லாரித் தண்ணீரானாலும் குழாய்த் தண்ணீரானாலும், ஒரு பக்கம். சுத்திகரித்து மீண்டும் சாயத்துக்குப் போன நீர் இன்னொரு பக்கம். கழிவுநீரே வெளியேறாத ஆலையில் வாங்கும் நீர் என்பது துணி உலரும்போது போவது, நீராவியாக இழப்பது, கசட்டிலும் உப்பிலும் ஈரமாகப் போவது ஆகியவற்றை ஈடுசெய்யும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அதைவிட மிக அதிகமாக வாங்கிக்கொண்டிருந்தால், மிச்ச நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். அளவுமானி பழுது என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் அளவுமானியைச் சரிசெய்யும் தேதியை அந்த இடத்திலேயே வாங்கிவிட்டு, மறுமாதமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்து, உற்பத்தியையும் ஆவியாக்கியையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். ஒரு கோடு மாதம் சாயம் போட்ட துணியின் எடை. இன்னொரு கோடு ஆவியாக்கி ஓடிய மணி நேரம், அல்லது அது குடித்த நீராவி. இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். தீபாவளி ஆர்டருக்காக உற்பத்தி கூடிய மாதத்தில் ஆவியாக்கி ஓடிய நேரம் குறைந்திருந்தால், ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கிய உவர்நீர் (ரிஜெக்ட்) எங்கோ தங்கியிருக்கிறது, அல்லது எங்கோ போயிருக்கிறது. ஆவியாக்கிக்கு எரிபொருள் அதிகம் செலவாகும் என்பதால் அதை நிறுத்திவைக்கும் ஆசை ஆலையில் எப்போதும் இருக்கும். அந்த ஆசைக்கு அணை போட வேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் எரிபொருள் செலவைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் தருபவரும் நீங்களே. இரண்டு உத்தரவும் ஒரே வாயிலிருந்து வரும்போது கீழே இருப்பவர் எதைப் பின்பற்றுவார்?

உப்புக் கணக்கு இன்னும் நேர்மையானது. நீர் ஆவியாகிவிட்டது என்று சொல்லலாம், உப்பு ஆவியாகாது. ரியாக்டிவ் சாயத்துக்காக வாங்கிய சோடியம் சல்பேட், அதாவது கிளாபர் உப்பு, அல்லது சாதாரண உப்பு எத்தனை டன் என்பது கொள்முதல் கணக்கில் இருக்கிறது. அது மூன்று இடங்களில்தான் இருக்க முடியும்: மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்திய உப்பு அல்லது உவர்நீரில், ஆவியாக்கியிலிருந்து வந்து கொட்டகையில் மூட்டையாக அடுக்கிய கலப்பு உப்பில், கசட்டோடு கொஞ்சம். மூட்டையை எண்ணச் சொல்லுங்கள். கூட்டல் வாங்கிய அளவுக்குப் பக்கத்தில்கூட வராவிட்டால் மீதி உப்பு மண்ணிலோ நீரிலோ இருக்கிறது. நிதி மேலாளரைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் கொள்முதல் எண்ணைத் தருவார். பல ஆலைகளில் இந்த ஒரு கணக்கை இதுவரை யாரும் போட்டதில்லை என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

எண்கள் சரியாக இருந்தும் அறிகுறி போகவில்லை என்றால், சராசரியைப் பாருங்கள். மாதச் சராசரி நல்ல பிள்ளையாக இருக்கும். அதற்குள் மூன்று நாள் மோசமாக இருந்திருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த மாதத்தின் மிக மோசமான நாளையும் எழுதச் சொல்லுங்கள். தரநிலை கேட்பதும் ஒற்றை எண்ணை அல்ல, போக்கை. பன்னிரண்டு மாதக் கோடு இல்லாமல் எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: ஒரே என்.சி. (தணிக்கையில் எழுதப்படும் இணக்கமின்மை) ஆண்டுதோறும் திரும்பி வருகிறது

திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தைப் படியுங்கள். "ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று இருக்கிறதா? மூன்று முறை பயிற்சி அளித்தும் திரும்பி வரும் குறை, பயிற்சிக் குறையே அல்ல.

ஓர் ஆலையில் ரசாயன டிரம்கள், கசிந்தால் பிடித்துக்கொள்ளும் தடுப்புத் தொட்டிக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. என்.சி. எழுதினேன். அடுத்த ஆண்டும் அப்படியே. உதவிக் களஞ்சியக் காப்பாளரைத் திட்டினார்கள். உண்மையில் தொட்டிக்குள் இருபது டிரம்தான் பிடிக்கும். விலை குறையும்போது மொத்தமாக அறுபது வாங்கச் சொன்னது கொள்முதல் பிரிவு. அந்தக் கொள்முதல் உத்தரவு எம்.டி. கையெழுத்தில் போனது. களஞ்சியத்தில் ஆரம்பித்த கேள்வி மாடி ஏறி அவர் அறைக்கே வந்து சேர்ந்தது. அதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தொட்டியைப் பெரிதாக்கும் செலவையும் மொத்தக் கொள்முதலில் கிடைக்கும் தள்ளுபடியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த என்.சி. அதற்குப் பிறகு வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு திரும்பி வரும் குறைக்கும் ஒரு கேள்வி: இதைச் சரிசெய்ய யாருடைய முடிவு மாற வேண்டும்? பதில் தொழிலாளியிடமே நின்றுவிட்டால் இன்னும் ஒரு படி மேலே ஏறிக் கேளுங்கள்.

முந்தைய மறுஆய்வில் எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்பதையே 9.3-ஆம் பிரிவு தன் உள்ளீட்டுப் பட்டியலில் முதலில் வைத்திருக்கிறது. அந்த வரிசைக்குப் பொருள் உண்டு. போபாலில் 1982 மே மாதமே அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் குழு வந்து ஆலையை ஆய்வு செய்து, நச்சுப் பொருள் வெளியேறும் வாய்ப்பு உட்படப் பல குறைகளை எழுதிவிட்டுப் போனது. 1984 டிசம்பர் 2 இரவு, மெத்தில் ஐசோசயனேட் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாயின் ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. குறையைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தது. கண்டுபிடித்ததைக் கடைசி வரை துரத்த மேலே யாரும் இல்லை. உங்கள் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தைப் பழைய முடிவுகளுக்கே கொடுங்கள். முடியாதது எதுவோ அதற்குப் புதுத் தேதி கொடுக்கும் முன், பழைய தேதி ஏன் தவறியது என்று எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: புகார்ப் பதிவேடு வெறுமையாக இருக்கிறது

புகார் இல்லாத சாய ஆலையை நான் பார்த்ததில்லை. பதிவேட்டுக்கு வராத புகார்களைப் பார்த்திருக்கிறேன். வாயில் காவலரிடம் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனதை அவர் சொல்வார். உங்கள் சொந்தக் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். ஊர்ப் பெரியவர் அழைத்ததும், நீங்கள் "பார்த்துக்கொள்கிறேன்" என்றதும் அதில் இருக்கும். அந்த அழைப்பும் புகார்தான்.

முதலாளியே நேரில் பேசி முடித்துவிடுவது நம் பண்பாட்டில் நல்ல குணம் என்று நினைக்கிறோம். உறவுக்கு அது நல்லது. ஆனால் முடித்த கையோடு பதிவும் செய்யாவிட்டால், ஒரே தோட்டத்திலிருந்து வந்த ஐந்தாவது புகார் இது என்பது யாருக்கும் தெரியாது. அன்று யாரிடமிருந்து, எதைப் பற்றி, என்ன பதில் என்ற மூன்று வரி போதும். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போகும் முன்பே பல வாசல்களில் நின்று சொல்லிப் பார்த்தவர்கள்தான். காது கொடுக்கப்படாத புகார் வேறு வாசலைத் தேடும்.

அறிகுறி: வாரியத்தின் நோட்டீஸ் வந்த பிறகுதான் நிர்வாகத்துக்கு விஷயம் தெரிகிறது

இசைவாணையை எடுங்கள். முடியும் தேதி, அனுமதித்த உற்பத்தி அளவு, அனுமதித்த கழிவுநீர் அளவு ஆகிய மூன்றையும் வட்டமிடுங்கள். பிறகு ஆலைக்குள் நடந்துபோய் சாஃப்ட் ஃப்ளோ சாய இயந்திரங்களை எண்ணுங்கள். ஆணை வாங்கியபோது இருந்ததைவிட அதிகமா? கோளாறு கிடைத்துவிட்டது.

இயந்திரம் வாங்கும் பேச்சு ஒரு கூட்டத்தில் நடக்கிறது, சுற்றுச்சூழல் பேச்சு இன்னொரு கூட்டத்தில் நடக்கிறது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர ஒரு விதி போதும்: இசைவாணை, நீர், உப்பு, நீராவி ஆகியவை இந்த இயந்திரத்தால் எப்படி மாறும் என்ற ஒரு பக்கத் தாள் இல்லாமல் எந்தக் கொள்முதல் உத்தரவிலும் கையெழுத்திடாதீர்கள். முதல் முறை நீங்களே விதிவிலக்குக் கொடுத்தால் விதி அன்றோடு செத்துவிடும்.

தேதிகளை நாட்காட்டியில் குறித்து எம்.டி. அறையிலேயே மாட்டுங்கள். அபாயக் கழிவுகளுக்கான ஆண்டு அறிக்கை, 2016 விதிகளின்படி ஜூன் 30-க்குள். சுற்றுச்சூழல் அறிக்கை செப்டம்பர் 30-க்குள். அபாயக் கழிவை 90 நாளுக்கு மேல் ஆலைக்குள் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு மாதா மாதம் ஒரு குறி.

காலநிலை மாற்றம் தம் முறைக்குத் தொடர்புடையதா என்று நிறுவனங்கள் பார்க்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் தரநிலையில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதை ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் கொட்டும் மழை உங்கள் திறந்த சேகரிப்புத் தொட்டியை என்ன செய்யும்? கூரைத் தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் இறங்குகிறதா? நிரம்பி வழிந்தால் எந்த ஓடைக்குப் போகும்? மழைக்கு முன், புரட்டாசியிலேயே இதை மறுஆய்வில் எடுங்கள்.

அறிகுறி: இலக்குகள் ஆண்டுதோறும் நூறு சதவீதம் நிறைவேறுகின்றன

இலக்கு மிகச் சிறியது, அல்லது ஆலையின் முக்கியப் பாதிப்போடு தொடர்பில்லாதது. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு, முதல் முறையிலேயே நிறம் சரியாக வந்த தொகுப்புகள் எத்தனை என்ற மூன்றிலிருந்து தொடங்குங்கள். கடைசியானது பலருக்கும் வியப்பாக இருக்கும். நிறம் தவறி மறுபடி சாயம் போடும் ஒவ்வொரு தொகுப்பும் நீரையும் உப்பையும் நீராவியையும் இரண்டாம் முறை கேட்கிறது. முதல் முறையிலேயே சரியாக வரும் தொகுப்புகளின் எண்ணிக்கையைச் சாயக்கூட மேலாளர் கூட்டினாலே இ.டி.பி.யின் பாரம் குறைகிறது.

அறிகுறி: பணம் கேட்டால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்", கொட்டகை நிரம்பிக்கொண்டே போகிறது

வளங்கள் போதுமா என்பது மறுஆய்வின் கட்டாயக் கேள்வி. கூட்டத்தில் அதைக் கேட்டால் "போதும்" என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். இதற்கான சோதனையை நாற்காலியில் உட்கார்ந்து செய்ய முடியாது. எழுந்து போய்க் கசட்டுக் கொட்டகையையும் உப்புக் கொட்டகையையும் பாருங்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, மூட்டை கூரையைத் தொடுகிறதா, தற்காலிகமாக என்று சொல்லி எழுப்பிய சுவர் ஏதாவது இருக்கிறதா?

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தேங்கும் கழிவுக்கு எடை உண்டு என்பதையும், அந்த எடைக்குக் கீழே யாரோ படுத்திருக்கிறார்கள் என்பதையும் பட்ஜெட் தாளில் பார்க்க முடியாது. அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

பணம் உண்மையிலேயே இல்லாத ஆண்டும் வரும். அப்போது எந்தச் செலவைத் தள்ளிவைக்கிறோம், அதுவரை எந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறோம் என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். முதல் பாதி மட்டும் எழுதப்பட்ட முடிவில் கையெழுத்திடாதீர்கள்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை

அப்படியானால் செய்தி உங்களை வந்தடையும் வழியில் அடைப்பு இருக்கிறது. கூட்டத்துக்கான அறிக்கையின் முதல் வரைவை யார் எழுதினார்கள், உங்கள் மேசைக்கு வரும் முன் எத்தனை பேர் திருத்தினார்கள் என்று விசாரியுங்கள். சுற்றுச்சூழல் அலுவலர் எழுதிய ஒரு வரியை உற்பத்தி மேலாளர் நீக்கினார் என்றால், அவரைக் குறை சொல்லும் முன், போன முறை கெட்ட செய்தி சொன்னவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "யார் செய்தது?" என்று கேட்டீர்களா, "எப்படி நடந்தது?" என்று கேட்டீர்களா?

வரைவு திருத்தப்படாமல் நேராக உங்களிடம் வரட்டும். அலுவலர் மாதம் ஒருமுறை உங்களைத் தனியாகச் சந்திக்கட்டும். கூட்டத்தில் முதலில் கெட்ட செய்தியைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னவருக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள்.

பிறகு இ.டி.பி.யின் இரவு ஷிப்ட் ஆபரேட்டரின் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிகாரப்பூர்வப் பதிவேட்டைச் சொல்லவில்லை. பெரும்பாலான ஆபரேட்டர்கள் தமக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார்கள். ஓர் ஆலையில் அப்படி ஒரு நோட்டைப் பார்த்தேன். ஆவியாக்கிக்கு நீர் தள்ளும் பம்பின் சீல் ஒழுகுவதை, மூன்று வாரமாக ஒவ்வொரு இரவும், கோணல்மாணலான எழுத்தில் அவர் குறித்திருந்தார். காலையில் ஷிப்ட் மாறும்போது வாயாலும் சொல்லியிருக்கிறார். எம்.ஆர்.எம். அறிக்கையில் அந்தப் பம்பு "நல்ல நிலை" என்று இருந்தது. எம்.டி. அந்த நோட்டைப் படித்த அன்று மாலையே புதுச் சீல் வந்தது. அதன் விலை கூட்டத்தில் பரிமாறிய மதியச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு.

அந்த நோட்டைத் தண்டிக்கும் ஆவணமாக ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மறுநாளே காணாமல் போகும். ஆபரேட்டரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரப் பக்கங்களைப் படியுங்கள். மூன்று வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தில் கேளுங்கள். "அதெல்லாம் சரிசெய்தாகிவிட்டது, சார்" என்று பதில் வந்தால், கூட்டத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு எல்லாரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பம்பிடம் போங்கள்.